வெயிலுக்கு ஜவாப்தாரி யார்?

கொஞ்ச காலமாக நமது நாட்டில், பட்டணமானாலும் சரி, பட்டிக்காடானாலும் சரி, நாலு பேர் கூடினால் பேசுகின்ற பேச்சு வெயிலையும் மழையையும் பற்றினதாகவே இருந்து வருகின்றது. சித்திரை வைகாசியில் அடிக்க வேண்டிய வெயில் மாசி பங்குனியிலேயே அடிக்க ஆரம்பித்து விடுகின்றது என்றும், ஐப்பசி கார்த்திகையில் பெய்ய வேண்டிய மழை ஒரு வருஷம் அடியோடு பொய்த்துவிட்டு மறு வருஷம் ஒரே நாளில் கொட்டி ஊரை வாரிக்கொண்டு போய்விடுகின்றது என்றும் குறை சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் "இதற்குக் காரணம் என்ன?" என்று கேட்டால் மாத்திரம் ஆளுக்கொரு பதில் வருகின்றது. ஒருவர் "கலிகாலம் அப்படித்தான் இருக்கும்" என்கின்றார். மற்றொருவர் "எல்லாம் ஆண்டவன் சோதனை" என்கின்றார். கொஞ்சம் படித்த மூன்றாமவரோ, "இதெல்லாம் இயற்கை, உலகம் உண்டான நாள் முதல் உஷ்ணமும் குளிரும் மாறி மாறி வருவது வழக்கந்தான், இதில் மனிதன் செய்ததும் ஒன்றுமில்லை, செய்யக் கூடியதும் ஒன்றுமில்லை" என்று பெரிய ஞானியைப்போல் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகின்றார்.

இந்த மூன்று பதில்களும் பார்வைக்கு வெவ்வேறாக இருந்தாலும் முடிவு ஒன்றேயாகும். அதாவது, இதற்கு யாரும் ஜவாப்தாரியல்ல, ஆதலால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதேயாகும். தலைவிதி என்று சொல்லி ஒருவன் வறுமையை ஒப்புக்கொள்ளும்படி செய்வதற்கும், இயற்கை என்று சொல்லி ஒருவன் வெயிலை ஒப்புக்கொள்ளும்படி செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். ஆகையால், இந்த விஷயத்தில் இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு வழக்கை விசாரிப்பது போல் சாக்ஷிகளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியது அவசியமென்று நினைக்கின்றோம்.

ஜபமும் ரயிலும்

முதலில் ஆண்டவன் கட்சியை எடுத்துக்கொள்ளுவோம். 2018-ம் வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை குறைந்து போய், 2019-ம் வருஷக் கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் நான்கும் அநேகமாக வற்றிப் போயின. அந்தச் சமயத்தில் மழை வேண்டி முக்கியமான கோயில்களில் யாகமும் வருண ஜபமும் நடத்தும்படி அறநிலையத் துறையிலிருந்து சுற்றறிக்கையும் போயிற்று. முடிவு என்ன? ஜூலை மாதத்தில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது உண்மைதான். ஆனால் அது மேலோகத்திலிருந்து வரவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்தது.

ஜபம் செய்து மழை வந்தால் ஜபத்தின் மகிமை. வராவிட்டால் ஜனங்களின் பாவம். இந்தப்படி எது நடந்தாலும் தோற்காத ஒரு காரணத்தை விசாரணைக்குக் கொண்டு வருவதில் பயனில்லை. எந்தச் சங்கதி நடந்தால் இது பொய் என்று ஒப்புக்கொள்ளுவீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய காரணமே காரணமாகும். ஆதலால் இந்தக் கட்சிக்காரரை இத்துடன் விட்டுவிட்டு, இயற்கைக் கட்சிக்காரரிடம் போவோம். அவர் சொல்லுவதில் கொஞ்சம் வாஸ்தவமும் இருப்பதால் அவரைப் பொறுமையாகவே விசாரிக்க வேண்டும்.

தாது வருஷமும் கோடைக்கானலும்

1876-ம் வருஷம் முதல் 1878-ம் வருஷம் வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாய் மாகாணத்தையும் ஐதராபாத்தையும் வாட்டிய பஞ்சத்தை, தாது வருஷப் பஞ்சம் என்று நமது கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இந்தியாவில் 50 லட்சம் ஜனங்களுக்குமேல் அதில் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது? பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலும் கிழக்கிலும் மேல்மட்டத் தண்ணீர் சில வருஷங்களுக்கு ஒருமுறை வழக்கத்திற்கு மேல் சூடாவதுண்டு. இதற்கு எல் நினோ என்று பெயர். அப்படிப்பட்ட வருஷங்களில் பல சமயம் நமது தென்மேற்குப் பருவமழை குறைந்து போகின்றது. 1877-ல் உண்டானது மிகவும் கடுமையான எல் நினோ என்பது இன்று தெரிந்திருக்கின்றது. ஆகவே அந்த மழை பொய்த்தது இயற்கை. அதில் மனிதனுக்குப் பங்கில்லை.

ஆனால் ஜனங்கள் செத்ததும் இயற்கையா? மழையில்லாத அந்த வருஷங்களிலும் தானியம் கப்பலேறிக் கொண்டேயிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த கூலிக்காரனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி திட்டம் செய்தார். மழை பொய்த்தது சமுத்திரத்தின் வேலை. பட்டினி போட்டது மனிதன் வேலை. இயற்கைக் காரணம் ஒன்று இருப்பதனாலேயே மனிதக் காரணம் இல்லாமல் போய்விடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

நிற்க, அந்தப் பஞ்சத்தின் போது சில விஞ்ஞானிகள், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவதையும் சென்னையில் பெய்த மழைக் கணக்கையும் ஒத்துப் பார்த்து, புள்ளிகள் குறையும் காலத்தில் மழையும் குறைகின்றது என்ற அபிப்பிராயத்தை 1877-ல் வெளியிட்டார்கள். நார்மன் லாக்கியர் என்பவரும், உத்தியோகஸ்தரான வில்லியம் ஹண்டர் என்பவரும் இதில் முக்கியமானவர்கள். சூரியனை நன்றாகக் கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற எண்ணமும், கோடைக்கானல் மலைமீது சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899-ல் ஏற்பட்டதற்கு ஒரு காரணமாகும். அங்கே 1904-ம் வருஷம் முதல் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

கரும்புள்ளியைக் கொண்டு பஞ்சத்தை அறியலாம் என்ற அபிப்பிராயம் நிற்கவில்லை. இந்திய வானிலை இலாகாவுக்கு 1904-ல் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித நிபுணர், பல தேசத்துக் காற்றழுத்தக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து, இந்து மகா சமுத்திரத்தின் பக்கம் அழுத்தம் ஏறினால் பசிபிக் பக்கம் இறங்குகின்றது, அங்கே ஏறினால் இங்கே இறங்குகின்றது என்ற ஏற்றப் பலகை போன்ற ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். மழைக்கும் பஞ்சத்துக்கும் உள்ள சம்பந்தம் அந்த ஆட்டத்தில்தான் அதிகமாக இருக்கின்றது. இதிலிருந்து நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், விஞ்ஞானிகள் தாங்கள் சொன்னதை அளந்து பார்த்து, சரிப்படாததைத் தள்ளிவிட்டார்கள் என்பதேயாகும். எந்தச் சாஸ்திரத்திலாவது இப்படித் தள்ளப்பட்ட சுலோகம் ஒன்று உண்டா?

இயற்கையின் சாக்ஷிகள்

இப்போது இயற்கைக் கட்சியின் சாக்ஷிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம்.

முதல் சாக்ஷி சூரியன். பூமிக்கு உஷ்ணம் கொடுப்பவன் அவனே. ஆதலால் சந்தேகம் முதலில் அவன்மீது விழுவது நியாயமே. 1978-ம் வருஷம் முதல் ஆகாயத்தில் சுற்றுகின்ற செயற்கைக் கோள்களில் கருவிகளை வைத்து, சூரியனிடமிருந்து வருகின்ற உஷ்ணத்தை நேராக அளந்து வருகிறார்கள். 11 வருஷச் சுற்றில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே ஏறி இறங்குகின்றது. மொத்தத்தில் ஏறவில்லை. இத்தனை வருஷத்தில் பூமியின் உஷ்ணமோ நிற்காமல் ஏறியிருக்கின்றது. கொடுக்கிறவன் அதிகமாகக் கொடுக்காத போது வாங்கினவன் வீட்டில் பணம் எப்படிக் கூடிற்று? வேறு வழியில்தான் கூடியிருக்க வேண்டும். ஆகவே சூரியனை விடுதலை செய்ய வேண்டியதுதான்.

இரண்டாவது சாக்ஷி எரிமலை. எரிமலைக்குச் சீதோஷ்ண ஸ்திதியை மாற்றுகின்ற சக்தி உண்டு என்பதில் சந்தேகமில்லை. இந்தோனேஷியாவில் உள்ள தம்போரா எரிமலை 1815-ல் வெடித்ததன் பயனாய், 1816-ல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே இல்லாமற் போய்ப் பயிர்கள் குளிரில் பட்டுப் போயின. பிலிப்பைன்ஸில் 1991-ல் வெடித்த பினடூபோ எரிமலையால் உலகத்தின் சராசரி உஷ்ணம் ஏறக்குறைய அரை டிகிரி குறைந்து, சில வருஷங்களில் பழைய நிலைக்கு வந்தது. அதாவது பெரிய எரிமலை கக்குகின்ற கந்தகப் புகை வெயிலை மறைத்துப் பூமியைக் குளிரப் பண்ணுகின்றது, சூடேற்றுவதில்லை. "எரிமலைகள் கரியமில வாயுவையும் கக்குகின்றனவே" என்பார்கள். கக்குகின்றன. ஆனால் உலகத்து எரிமலைகளெல்லாம் ஒரு வருஷத்தில் கக்குவது, மனிதன் ஒரு வருஷத்தில் கக்குவதில் நூற்றில் ஒரு பங்கு அளவுகூட இராது.

மூன்றாவது சாக்ஷி பூமியின் சுற்றுப்பாதை. பூமி சூரியனைச் சுற்றுகின்ற பாதையின் வடிவும், அதன் அச்சின் சாய்வும், அச்சின் தலையாட்டமும் பல பதினாயிரக்கணக்கான வருஷங்களில் மெள்ள மெள்ள மாறுகின்றன. செர்பியா தேசத்து மிலான்கோவிச் என்பவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பூமியில் பனி யுகங்கள் வந்ததும் போனதும் இதனாலேயே. கடைசிப் பனி யுகம் முடிந்து சுமார் 11,700 வருஷங்களாகின்றன. அப்போது பூமி சுமார் ஐந்து டிகிரி சூடேறுவதற்குப் பல ஆயிரம் வருஷங்கள் பிடித்தன. இப்போதோ நூற்றைம்பது வருஷத்துக்குள் ஒரு டிகிரிக்குமேல் ஏறிவிட்டது. அதிலும் பெரும்பாகம் கடைசி ஐம்பது வருஷத்தில் ஏறியது. கட்டை வண்டியில் போகிறவன்மேல், ரயிலில் போய்த் திருடினான் என்று குற்றம் சாட்டினால் யார் ஒப்புக்கொள்ளுவார்கள்? அன்றியும், அந்தச் சுற்றுப்பாதைக் கணக்கின்படி பூமி இப்போது மிக மெதுவாகக் குளிர வேண்டிய காலமே ஒழியச் சூடேற வேண்டிய காலமல்ல.

நான்காவது சாக்ஷி மேலே சொன்ன எல் நினோ. இது சமுத்திரத்தில் உள்ள உஷ்ணத்தை எடுத்துக் காற்றில் விடுகின்றது. அப்படிப்பட்ட வருஷம் மற்ற வருஷத்தைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஆனால் இது இடது பையில் உள்ள பணத்தை வலது பையில் போடுவது போன்றதேயாகும். காற்று மாத்திரம் சூடேறி, அதற்குச் சரியாகச் சமுத்திரம் குளிர்ந்திருந்தால் இந்தச் சாக்ஷியை நம்பலாம். நடப்பதோ காற்றும் சூடேறுகின்றது, சமுத்திரமும் சூடேறுகின்றது, மலைமீது உறைந்த பனியும் உருகுகின்றது. இரண்டு பையிலும் பணம் கூடியிருந்தால் அது வெளியிலிருந்து வந்த பணமேயாகும்.

"முற்காலத்தில் மனிதனில்லாமலேயே உலகம் சூடேறியிருக்கின்றதே" என்று இன்னும் ஒரு கேள்வி கேட்பார்கள். இடி விழுந்து வைக்கோல் போர் எரிந்ததுண்டு. அதனால் நேற்று எரிந்த வைக்கோல் போருக்கு எவனும் தீ வைக்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னால் தீர்ப்பாகிவிடுமா? அன்று இடி இடித்ததா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தோம். இடிக்கவில்லை.

மனிதன் செய்தது

இனி மனிதனுக்கு வருவோம். நமது கிராமத்துக் குடியானவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். மார்கழியில் வானம் தெளிந்திருக்கின்ற இரவு நடுக்குகின்றது. மேகம் மூடியிருக்கின்ற இரவு புழுங்குகின்றது. காரணம், பகலில் பூமி வாங்கின உஷ்ணம் இரவில் மேலே போகும்போது மேகம் அதைத் தடுத்து நிறுத்துகின்றது. இந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்கின்றவை காற்றில் உள்ள நீராவி, கரியமில வாயு, மீதேன் முதலியவைகளாகும். போர்வை தானாக உஷ்ணம் உண்டாக்குவதில்லை. உடம்பு உஷ்ணத்தை வெளியே விடாமல் வைத்திருக்கின்றது. அது போலத்தான் இதுவும். இந்தப் போர்வை அடியோடு இல்லாவிட்டால் பூமியின் சராசரி உஷ்ணம் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிக்குப் போய், உலகமே பனிக்கட்டியாகிவிடும். ஆகவே போர்வை இருப்பது குற்றமல்ல. மேலும் மேலும் போர்வையைக் கனமாக்கிக் கொண்டு போவதே குற்றம்.

இது நேற்று ஒரு கூட்டத்தார் கட்டிவிட்ட கதையுமல்ல. 1856-ல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்க ஸ்திரீ, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு அடைத்த குழாய் அதிகமாகச் சூடேறி, நெடுநேரம் ஆறாமலும் இருப்பதைக் கண்டார். இந்த வாயு காற்றில் அதிகமானால் பூமி சூடேறும் என்றும் எழுதினார். ஆனால் அந்தக் கட்டுரையை விஞ்ஞான சபையில் அவர் படிக்கவில்லை. ஓர் ஆண்பிள்ளைதான் எழுந்து படித்தார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேலாக அந்த அம்மையாரின் பெயரே மறைந்து கிடந்தது. பெண்ணுக்கு அறிவில்லை என்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். 1859-ல் ஜான் டிண்டால் என்பவர் தனியாகக் கருவி செய்து இந்த வாயுக்கள் உஷ்ணத்தைத் தடுப்பதை அளந்து காட்டினார். 1896-ல் ஸ்வீடன் தேசத்து அரீனியஸ், நிலக்கரி எரிப்பதால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று காகிதமும் பேனாவும் கொண்டே கணக்கிட்டார். 1938-ல் கலெண்டர் என்ற இங்கிலீஷ் இஞ்சினியர், பல தேசத்து உஷ்ணமானிக் கணக்குகளைச் சேகரித்து, உலகம் சூடேறத் தொடங்கிவிட்டது என்றே காட்டிவிட்டார்.

பிறகு 1958-ம் வருஷம் முதல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவில் மவுனா லோவா மலைமீது காற்றை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. 2024-ல் அது சுமார் 424 பங்காகிவிட்டது. இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் இருந்தது சுமார் 280 பங்கு. தென்துருவத்துப் பனிக்கட்டியைத் துளைத்தெடுத்து, அதற்குள் அகப்பட்டிருக்கும் பழங்காலத்துக் காற்றுக் குமிழிகளைப் பரிசோதித்ததில், எட்டு லட்சம் வருஷத்தில் ஒரு தடவையாவது அது 300 பங்கைத் தாண்டிக் கணிசமாகப் போனதில்லை என்று தெரிகின்றது.

"பத்து லட்சத்தில் 424 பங்கு, இது ஒரு பிரமாதமா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு பானைப் பாலைத் தயிராக்க எவ்வளவு உறைமோர் விடுகின்றோம்? அளவு சின்னது என்பதால் வேலையும் சின்னது என்று சொல்ல முடியாது.

"மரமும் மண்ணும் சமுத்திரமும் மனிதனைவிட எத்தனையோ மடங்கு அதிகமாகக் கரியமில வாயுவை விடுகின்றனவே" என்று இன்னொரு கேள்வியும் உண்டு. வாஸ்தவந்தான். ஆனால் அவை விடுவதைப் போலவே திரும்ப வாங்கியும் கொள்ளுகின்றன. ஓர் ஏரிக்கு ஆற்றிலிருந்து வருகின்ற தண்ணீரும் மதகு வழியாகப் போகின்ற தண்ணீரும் சமமாக இருந்தால் ஏரி மட்டம் அப்படியே இருக்கும். அதில் புதிதாக ஒரு சின்ன வாய்க்காலை வெட்டி விட்டால் மட்டம் நாளுக்கு நாள் ஏறிக் கடைசியில் கரை உடையும். கரை உடைந்தபின், வாய்க்கால் வெட்டினவன் "ஆற்றில் வந்த தண்ணீரைவிட நான் விட்டது கொஞ்சந்தானே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு இவைகளை எரிப்பதாலும் சிமெண்டு செய்வதாலும் மாத்திரம் உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு காற்றில் விடப்படுகின்றது. காட்டை அழிப்பதால் உண்டாவது இதற்குமேல். மாட்டு வயிறு, நெல் வயல், குப்பை மேடு, எண்ணெய்க் கிணறு ஆகியவைகளிலிருந்து வருகின்ற மீதேன் தனி.

குற்றவாளியின் கைரேகை அகப்பட்டதா என்று கேட்டால், அதுவும் அகப்பட்டிருக்கின்றது. நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி வருஷம் பூமிக்குள் கிடந்த பொருள்களாதலால், உயிருள்ள மரத்தில் இருக்கின்ற ஒருவிதக் கதிர்வீச்சுக் கரி அவைகளில் இராது. காற்றில் கூடுகின்ற கரியமில வாயுவில் அந்தக் கரி குறைந்துகொண்டே வருவதை 1955-ல் ஹான்ஸ் சூஸ் என்பவர் மரத்தின் வளையங்களிலிருந்து கண்டுபிடித்தார். ஆகவே கூடின சரக்கு எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்பது தெரிந்து போயிற்று. அன்றியும், சூரியனால் சூடேறுவதாயிருந்தால் ஆகாயத்தின் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் சேர்ந்து சூடேற வேண்டும். நடப்பதோ கீழ் அடுக்கு சூடேற, மேல் அடுக்கு குளிர்கின்றது. போர்வைக்குள் இருப்பவனுக்குப் புழுக்கம். போர்வைக்கு வெளியே குளிர். இதற்குமேல் ருஜு வேண்டுமா?

உலகத்து விஞ்ஞானிகள் கூடி 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் மொத்தக் கணக்கும் பார்த்திருக்கின்றார்கள். 1850-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட காலத்தைவிட 2010 முதல் 2019 வரையில் பூமி 1.06 டிகிரி சூடேறியிருக்கின்றது. அதில் மனிதனால் ஏறியது சுமார் 1.07 டிகிரி. சூரியனும் எரிமலையும் சேர்ந்து செய்தது, கூட்டினாலும் குறைத்தாலும், பத்தில் ஒரு டிகிரிக்கு மேற்படாது. அதாவது ஏறின உஷ்ணம் அநேகமாக முழுவதும் மனிதன் கணக்கில்தான் எழுத வேண்டியதாயிருக்கின்றது.

எந்த மனிதன்?

இங்கேதான் நமது மக்கள் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். "மனிதன் செய்தான்" என்று தீர்ப்பானவுடன், "ஆகவே எல்லா மனிதரும் குற்றவாளிகளே, எல்லாரும் சமமாகப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தர்மோபதேசம் வரும். அதை ஒப்புக்கொள்ள முடியாது. இன்றையக் கணக்கில் ஓர் அமெரிக்கன் தலைக்கு வருஷத்தில் சுமார் 14 டன் கரியமில வாயு. ஓர் இந்தியன் தலைக்குச் சுமார் 2 டன். இதுவரை உலகம் எரித்த மொத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றே எரித்தது. அந்த இந்தியத் தலைக்கணக்கிலும், நாலு மோட்டார் வைத்திருக்கின்ற பங்களாக்காரனையும் சைக்கிளில் வேலைக்குப் போகின்ற கூலிக்காரனையும் கூட்டி வகுத்துத்தான் 2 டன் என்கிறார்கள்.

அனுபவிக்கிறவன் யார்? வெயில் ஏறினால் குளிர்சாதன அறைக்குள் இருப்பவன் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுகின்றான். அந்த இயந்திரம் கக்குகின்ற அனலும் தெருவில் இருப்பவன் முகத்தில்தான் அடிக்கின்றது. தூத்துக்குடி உப்பளத்தில் நிற்பவனும், தார் ரோடு போடுபவனும், செங்கல் சூளையில் இருப்பவனும், நடவு நடுகின்ற பெண்ணும், தகரக் கூரைக்கடியில் குழந்தையைத் தூங்கப் போடுகின்ற தாயுமே இதன் பலனை அனுபவிக்கிறவர்கள். 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் செத்த பின் கொடுக்கின்ற பணத்தைவிடச் சாகாமலிருக்கக் கொடுக்கின்ற நிழலும், தண்ணீரும், நடுப்பகல் ஓய்வும், அந்த ஓய்வுக்குக் கூலியும் மேலானதல்லவா?

"இயற்கை, இயற்கை" என்று சொல்லுவதால் யாருக்கு லாபம் என்பதையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் எக்ஸான் என்ற எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகளே 1970-களின் கடைசி முதல், எண்ணெய் எரிப்பதால் உலகம் சூடேறும் என்று கணக்குப் போட்டுத் தங்கள் முதலாளிகளுக்குச் சொல்லி வந்தார்கள். அந்தக் கணக்குகள் மிகவும் சரியாகப் பலித்திருக்கின்றன என்று 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டுகின்றது. வெளியிலோ அந்தக் கம்பெனி பல வருஷங்களாக, "இன்னும் சந்தேகமிருக்கின்றது" என்றே சொல்லி வந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தனக்குத் தெரிந்ததை மறைத்து, பிறத்தியார் தெரிந்துகொள்ளாமலிருப்பதில் பிழைக்கின்ற கூட்டம் எந்த வேஷத்தில் வந்தாலும் சுயமரியாதைக்காரன் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

எல்லாம் இதனால் என்பதும் தப்பு

இவ்வளவு சொன்னதனால், இனி எந்தக் கஷ்டம் வந்தாலும் "பூமி சூடாகிவிட்டது" என்று சொல்லிவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு புதிய தலைவிதியாகிவிடும். 2015-ம் வருஷம் டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அந்த ஒரு மழைக்குப் பூமி சூடேறியதுதான் காரணம் என்று தங்களால் காட்ட முடியவில்லை என்றே சொன்னார்கள். ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பையும் கட்டிடமும் கொட்டிப் பெரும்பாகத்தைத் தின்றது யார்? ஏரிகளை மனைகளாக்கியது யார்? வாய்க்கால்களை மூடியது யார்? இதற்கு விஞ்ஞானி வேண்டியதில்லை. தாலுகாக் கச்சேரியில் உள்ள பழைய வரைபடம் ஒன்றே போதும். உலகத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு உள்ளூர்க் குற்றவாளி தப்பித்துக்கொள்ள இடம் கொடுக்கக்கூடாது.

செய்ய வேண்டியது

ஆகவே வழக்கின் முடிவு இதுதான். சீதோஷ்ணத்தை மாற்றுகின்ற இயற்கைக் காரணங்கள் பல உண்டு. அவை முன்பும் வேலை செய்தன, இனியும் செய்யும். ஆனால் இப்போது ஏறுகின்ற உஷ்ணத்துக்கு அவை காரணமல்ல. மனிதன் எரித்ததே காரணம். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. உண்மையில் இதில் ஒரு நல்ல செய்தியே இருக்கின்றது. சூரியன் செய்திருந்தால் நம்மால் என்ன செய்ய முடியும்? மனிதன் செய்ததாயிருந்தால் மனிதன் நிறுத்தலாம்.

2015-ல் பாரிஸில் உலக சர்க்கார்களெல்லாம் கூடி, உஷ்ணம் இரண்டு டிகிரிக்கு நன்றாகக் குறைந்த அளவிலேயே, கூடுமானால் ஒன்றரை டிகிரிக்குள்ளேயே, நிற்கும்படி செய்ய வேண்டுமென்று ஒப்பந்தம் செய்தார்கள். அதிகமாக எரித்த அமெரிக்கா 2017-லும் 2025-லும் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2024-ம் வருஷமோ அதுவரை அளந்த வருஷங்களில் எல்லாம் அதிக உஷ்ணமான வருஷமாயிற்று. ஒப்பந்தக் காகிதம் தானாக வேலை செய்யாது. கேட்கிற ஜனங்கள் இருந்தால்தான் வேலை செய்யும்.

ஆதலால் நமது ஜனங்கள் செய்யக் கூடியது என்னவென்றால், முதலாவது, வாயைத் திறந்து கேட்பதாகும். நமது ஊர் ஏரி, குளம், வாய்க்கால்களின் பழைய எல்லை என்ன, இப்போது எவ்வளவு, நடுவில் தின்றது யார் என்று கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். வெயில் காலத்தில் வேலை நேரத்தை மாற்றவும், நிழலும் தண்ணீரும் கொடுக்கவும் ஒவ்வொரு தொழிலாளர் சங்கமும் கேட்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மின்சாரம் செய்து கொடுப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, நிலக்கரியில்லாமல் முடியாது என்பவர்களிடம் ஏன் முடியாது என்று கேட்க வேண்டும். அப்படி மாற்றும்போது, நெய்வேலியிலும் அனல் மின் நிலையங்களிலும் உழைத்துப் பிழைக்கின்றவன் நடுத்தெருவில் நிற்காதபடி அவனுக்கு என்ன வழி என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். அதிகம் எரித்த தேசங்கள் அதிகம் கொடுக்க வேண்டும் என்பதையும், நமது தேசத்துக்குள்ளும் அதிகம் எரிக்கின்றவனே அதிகம் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நாம் இங்கே எழுதியிருப்பதையும் நாம் எழுதினோம் என்பதற்காக யாரும் நம்ப வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டு ஊரில் ஓர் உஷ்ணமானியும் ஒரு மழைமானியும் வைத்து, தினந்தோறும் அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு வருஷக் கணக்கைக் கொண்டு எதுவும் சொல்லிவிட முடியாது. இருபது முப்பது வருஷம் எழுதினால் அது பேசும். உலகம் முழுவதும் இப்படி அளந்து எழுதியவர்களால்தான் இன்று நமக்கு உண்மை தெரிந்திருக்கின்றது. பஞ்சாங்கத்தில் மழை எத்தனை மரக்கால் என்று படிப்பதற்குச் செலவிடுகின்ற நேரம் இதற்குப் போதும்.